குளிரைக் கணக்கிடும் மரம்: உமே குறித்த அறிவியல் ஆய்வுகள்

மற்ற மரங்கள் உறங்கிக் கிடக்கும் குளிர்காலத்தின் இறுதியில், இலை ஒன்றுமில்லாத கிளைகளில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பது ஜப்பானிய ஆப்ரிகாட் மரம். ஜப்பானியர் இதனை உமே என்றும் சீனர் மெய் என்றும் வழங்குவர். அரபியர் மிஷ்மிஷ் என அழைக்கும் ஆப்ரிகாட்டுக்கு இது நெருங்கிய உறவு. பீச்சும் வாதுமையும்கூட இதே பேரினத்தைச் சேர்ந்தவையே. சீனாவில் தோன்றிய இம்மரம் பழங்காலத்திலேயே ஜப்பானை அடைந்து, அந்நாட்டு வாழ்வோடு இரண்டறக் கலந்தது. கனி முதிரும் ஜூன் மாத மழைக்காலத்தை ஜப்பானியர் எழுதும் எழுத்துகளுக்கு 'உமே மழை' என்பதே பொருள்.

கனியும் நஞ்சும்

இக்கனி பறித்தவுடன் உண்ணத்தக்கதன்று. சிட்ரிக் அமிலம் மிகுந்திருப்பதால் கடும் புளிப்புடையது. அதன் பச்சைக் காயிலும் கொட்டையினுள் இருக்கும் பருப்பிலும் அமிக்டலின் என்னும் பொருள் உள்ளது. கசப்பு வாதுமையில் இருப்பதும் இதுவே. காயை நசுக்கினாலோ மென்றாலோ நொதிகள் இதனைச் சிதைக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. கனி முதிர முதிரச் சதையில் அமிக்டலின் குறைகிறது. உப்பிலிட்டு வெயிலில் உலர்த்தி உமெபோஷி என்னும் ஊறுகனியாக்கும்போது மேலும் குறைகிறது. வேதியியல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் நஞ்சைத் தணிக்கும் வழியைக் கண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

சாற்றை நெடுநேரம் காய்ச்சிக் கருங்குழம்பாக்கி உண்பதும் அவர்களது வழக்கம். 1999ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இக்குழம்பில் மியூமெஃப்யூரல் என்னும் புதிய சேர்மத்தைக் கண்டறிந்தனர். பச்சைச் சாற்றில் இல்லாத இது, காய்ச்சும்போது சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் சிட்ரிக் அமிலத்துடன் இணைவதால் பிறக்கிறது. இரத்தம் நுண்ணிய வழிகளில் தடையின்றி ஓட இது துணைபுரிவதாகச் சோதனைகள் காட்டின. ஆயினும் ஆய்வகத்தில் கண்டதையே நோய்க்கு மருந்தெனக் கொள்வது பிழையாகும். உமெபோஷியில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உடையோர் அளவறிந்து உண்பதே முறை.

உறக்கமும் விழிப்பும்

இம்மரம் ஏன் இத்துணை விரைவாகப் பூக்கிறது? 2012ஆம் ஆண்டு சீன அறிஞர்கள், திபெத்தில் வளர்ந்த காட்டு மரம் ஒன்றின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டனர். அதில் 31,390 மரபணுக்கள் இருப்பதாகக் கணித்தனர். அவற்றுள் உறக்கநிலையோடு தொடர்புடைய ஆறு மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அமைந்திருக்கின்றன. இவற்றுள் ஆறாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பாப்லார் மரத்தில் செலுத்திப் பார்த்தனர். வளர்வதற்கேற்ற சூழல் இருந்தும் அம்மரம் வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடிக்கொண்டது. 2011இல் வெளியான இம்முடிவு, அம்மரபணு உறக்கத்தின் தாழ்ப்பாளாகச் செயற்படுகிறது என்பதைக் காட்டியது. குளிர் நாள்கள் சேரச் சேர அதன் செயற்பாடு தணிகிறது; போதிய குளிர் கிடைத்தபின் மொட்டு விழிக்கிறது. அதன்பின் மலர்வதற்கு வேண்டுவது வெப்பம். எனவே உமே முதலில் குளிரையும் பின்னர் வெப்பத்தையும் கணக்கிடுகிறது. அதன் குளிர்த்தேவை குறைவு. ஆதலால்தான் பிற மரங்களை முந்திக்கொள்கிறது.

முந்துதலின் விலை

இவ்வாறு முந்துவதே இன்று மரத்திற்கு இடராகியுள்ளது. ஜப்பானிய உமே விளைச்சலில் பாதிக்கு மேல் வக்காயாமா மாகாணத்தைச் சார்ந்தது. அங்குள்ள மினாபே-தனாபே பகுதியின் உமே வேளாண்மையை 2015ஆம் ஆண்டு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபாக அறிவித்தது. அங்கு மிகுதியாகப் பயிரிடப்படும் நன்கோ என்னும் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. அருகில் வேறு வகை மரம் பூத்திருக்க வேண்டும்; மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தேனீக்களும் வேண்டும். பூவும் தேனீயும் ஒரே காலத்தில் சந்தித்தால்தான் காய் உண்டு.

2023-24 குளிர்காலம் வழக்கத்தைவிட வெப்பமாக அமைந்தது. பூக்கள் முந்தி மலர்ந்தன. அவற்றுள் சூலகம் முழுமை பெறாதவை மிகுந்தன. போதாக்குறைக்கு ஆலங்கட்டி மழையும் இளங்காய்களைக் காயப்படுத்தியது. அவ்வாண்டு விளைச்சல் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. தலைமுறைகளாக இம்மரத்தையே நம்பிய குடும்பங்களுக்கு அது பேரிழப்பு.

தீர்வு தேடும் ஆய்வாளர்கள், வெப்பம் மிகுந்த தாய்வானில் சிறிது குளிருக்கே விழிக்கும் வகையை நன்கோவுடன் இனக்கலப்புச் செய்து, விழிக்கும் காலத்தை ஆளும் மரபணுப் பகுதிகளைத் தேடியுள்ளனர். ஆனால் குறைந்த குளிரே போதும் என்ற பண்பு மட்டும் அமைந்தால் மரம் இன்னும் முன்னதாகப் பூத்துப் பனிக்கும் ஆலங்கட்டிக்கும் இரையாகக்கூடும். குறைந்த குளிரில் விழித்தாலும், வெப்பத்திற்குப் பொறுமையாகக் காத்திருந்து மலரும் மரமே தேவை. இவ்விரு பண்புகளையும் ஒரு மரத்தில் இணைப்பது எளிதன்று. கன்று நட்டுக் காய் காணவே சில ஆண்டுகள் வேண்டும். பருவமோ அதுவரை காத்திராது. மரம் தன் கணக்கில் தவறவில்லை. அது நம்பியிருந்த குளிர்காலமே மாறிவிட்டது.