பழைய சட்டகம், புதிய தண்டவாளம்

ரோலர் கோஸ்டர் அடிப்படையில் விழும் இயந்திரம். ஒரு சங்கிலி அதை முதல் உச்சிக்கு இழுத்துவிடுகிறது. அதன்பின் அதை ஓட்டுவதற்கு மோட்டார் எதுவும் இல்லை. உச்சியில் சேர்த்துவைத்த ஆற்றல் இறக்கத்தில் வேகமாகிறது, அடுத்த ஏற்றத்தில் மறுபடி உயரமாகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வளைவிலும் அந்த ஆற்றலில் ஒரு பங்கை உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்ள, மீதியுடன் ரயில் நிலையத்துக்குத் திரும்புகிறது. சக்கரங்கள் மூன்று வகை. தண்டவாளத்தின் மேல் ஓடுபவை, பக்கவாட்டில் உரசிச் செல்பவை, தண்டவாளத்தின் அடியில் பற்றிக்கொள்பவை. அமெரிக்கப் பொறியாளர் ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற இந்த அடிச்சக்கரம் வந்த பிறகுதான், ரயில் மேலே எகிறிப் பறந்துவிடுமோ என்ற பயமின்றிச் செங்குத்தான இறக்கங்களைக் கட்ட முடிந்தது.

விழும் வேகத்தின் முழுச் சுமையையும் தாங்குவது தண்டவாளம். அது தேயும், தளரும், ஒருநாள் மாற்றியாக வேண்டும். ஆனால் ஒரு சவாரி அகற்றப்படுகிறது என்ற செய்தி வரும்போது, அதில் உண்மையில் எது தீர்ந்துபோனது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. தேய்ந்தது தண்டவாளமா, ரயிலா, உந்தித் தள்ளும் பொறியா, அல்லது காலடியில் உள்ள நிலத்தின் விலை ஏறிவிட்டதா என்பதைப் பொறுத்து, அந்த இடத்தில் அடுத்து வருவது முற்றிலும் வேறாகிறது.

இதை அருகிருந்து பார்க்க ஏற்ற இடம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சாண்டஸ்கி நகரையொட்டி ஈரி ஏரிக்குள் நீளும் ஒரு மெல்லிய நிலநாக்கு. 1870இல் கோடைக்காலக் கடற்கரை போலத் தொடங்கிய சீடார் பாயிண்ட் கேளிக்கைப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால், வேலியைத் தள்ளிப்போட்டு இடம் பிடிக்கும் வசதி இல்லை. பெரிதாக ஒன்று வர வேண்டுமானால் பெரும்பாலும் பழையது ஒன்று போக வேண்டும். 2012இல் டிசாஸ்டர் டிரான்ஸ்போர்ட் என்ற கூரைக்குள் ஓடிய சவாரியை இடித்துத்தான் அடுத்த ஆண்டு நுழைவாயிலின் மேலேயே பறந்துபோகும் கேட்கீப்பர் கட்டப்பட்டது. இருக்கைகள் தண்டவாளத்துக்கு மேலே இல்லாமல் இருபுறமும் சிறகுபோல நீட்டிக்கொண்டிருப்பது அதன் சிறப்பு.

கடுங்குளிர் நாட்டில் பூங்கா மே முதல் அக்டோபர் வரைதான் இயங்கும். மீதி மாதங்கள் பழுது பார்ப்பதற்கு. ரயில்களை அக்கு அக்காகக் கழற்றி, அச்சுகளையும் இணைப்புகளையும் சுத்தம் செய்து, காந்தப்புலத்தில் வைத்து நுண்ணிய இரும்புத் துகள்களைத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால், துகள்கள் அந்தக் கோட்டில் போய் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். கோட்டைக் காட்டிய பாகம் திரும்ப ரயிலில் ஏறாது.

மர ரோலர் கோஸ்டருக்குக் குளிர்கால வேலை இன்னும் அதிகம். அதன் தண்டவாளம் ஒற்றை மரத்துண்டு அல்ல. பலகைகளை ஏழெட்டு அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆணியும் போல்ட்டும் அடித்து, சக்கரம் படும் விளிம்பில் மட்டும் எஃகுப் பட்டை பதித்திருப்பார்கள். மழையில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு ரயிலும் பள்ளத்தின் அடியில் பலகைகளை அமுக்கும், வளைவின் வெளிப்பக்கம் தள்ளும். நாளடைவில் ஆணிகள் ஆடத் தொடங்கும், பட்டை அலையலையாகும், பயணிகளுக்கு முதுகு அடிபடுவது போல இருக்கும். அப்போது அந்த நீளத்துக்கு எஃகுப் பட்டையைக் கழற்றி, மேலடுக்குப் பலகைகளை உரித்தெடுத்து, புதுப் பலகை வைத்து வளைத்து அடிக்க வேண்டும். அடுத்த பருவத்தில் வேறோர் இடம் கெடும். நல்ல தச்சர் குழு கையில் இருந்தால் இப்படியே பல பத்தாண்டுகள் ஓட்டலாம். 1927இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் கட்டப்பட்ட சைக்ளோன் இன்றும் ஓடுவது அந்தக் கைவேலையால்தான்.

சீடார் பாயிண்டில் 1991இல் திறந்த மீன் ஸ்ட்ரீக் அந்தக் கைவேலையின் எல்லையைத் தாண்டிய சவாரி. டின் கார்ப்பரேஷன் கட்டிய அது 161 அடி உயரம், 5,427 அடி நீளம். சுமார் 1.4 லட்சம் கன அடி மரம் அதற்குள் போயிற்று. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் பாரமான ரயில்கள் பள்ளங்களில் இறங்கியபோது தண்டவாளம் தாங்கவில்லை. சவாரியைக் காப்பாற்ற முதல் இறக்கத்திலேயே பிரேக் பொருத்தப்பட்டது. விழுவதற்காகவே கட்டிய ஒன்றை விழும்போதே பிடித்து நிறுத்தினால் அதன் உயிர் போய்விடுகிறது. பெரிய சவாரி, ஆனால் குலுக்கல்தான் மிச்சம் என்ற பெயர் அதற்கு வந்தது. 2016 செப்டம்பர் 16 அன்று அதன் கடைசி ரயில் ஓடியது.

அகற்றப்படும் என்று எல்லாரும் நினைத்த இடத்தில், 2018 மே மாதம் ஸ்டீல் வெஞ்சன்ஸ் திறந்தது. மரச்சட்டகத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றது, மாறியது தண்டவாளம். இந்த மாற்றத்தைச் செய்தது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம். வழக்கமான எஃகு ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் குழாயை வளைத்துச் செய்யப்படுவது. இவர்களுடைய முறை வேறு: தட்டையான எஃகுத் தகடுகளைத் தேவையான வளைவிலேயே வெட்டி, அவற்றை ஒன்றோடொன்று பற்றவைத்து, கட்டடங்களில் காணும் இரும்பு உத்திரத்தைப் போன்ற குறுக்குவெட்டு கொண்ட தண்டவாளம் ஆக்குகிறார்கள். ஐ-பாக்ஸ் என்று பெயர். இதை எப்படி வேண்டுமானாலும் முறுக்கலாம், பழைய மரத்தூண்களின் தலையில் அப்படியே பொருத்தலாம். மழையில் ஊறாது, ஆணி தளராது. மரத்தில் நினைத்தும் பார்க்க முடியாத தலைகீழ்ச் சுழல்களையும் அதே சட்டகத்துக்குள் புகுத்தலாம். உயரம் 205 அடி ஆயிற்று. முதல் இறக்கம் நேர் செங்குத்து, வேகம் மணிக்கு 119 கிலோமீட்டர், நான்கு இடங்களில் தலைகீழ். இருக்கையை விட்டு உடல் மேலெழும் நேரம் மட்டும் மொத்தம் 27.2 விநாடி என்று பூங்கா அறிவித்தது.

இதே முறை முதலில் சோதிக்கப்பட்டது டெக்சஸில். அங்கு 1990இல் கட்டப்பட்ட டெக்சஸ் ஜெயண்ட் 2009இல் மூடப்பட்டு, ஐ-பாக்ஸ் தண்டவாளத்துடன் 2011இல் திரும்பி வந்தது. அதைக் கட்டியதும் டின் கார்ப்பரேஷன்தான். ஒரே நிறுவனம் அடுத்தடுத்த ஆண்டுகளில் எழுப்பிய இரண்டு மாபெரும் மரச்சட்டகங்களும் எஃகின் தயவால் பிழைத்தன. தூண்களும் குறுக்குச் சட்டங்களும் பழுதில்லாமல் இருந்தும், தண்டவாளம் கெட்டதற்காக அவற்றைச் சேர்த்து விறகாக்கியிருந்தால் அது வீண் செலவும் வேதனையும் ஆகியிருக்கும்.

தண்டவாளம் நன்றாக இருந்து ரயில் மட்டும் பொருந்தாமல் போவதும் உண்டு. சீடார் பாயிண்டின் மான்டிஸில் பயணிகள் நின்றுகொண்டே போக வேண்டும். 2014 இறுதியில் அந்த ரயில்களை எடுத்துவிட்டு, கால்கள் அந்தரத்தில் தொங்கும் இருக்கைகள் கொண்ட ரயில்களை ஏற்றினார்கள்; 2015 முதல் அதே தண்டவாளம் ரூகரூ என்ற பெயரில் ஓடுகிறது. இதற்கு நேர் எதிரானது இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் உள்ள நெமிசிஸ். மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் எழக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்காகப் பாறையை வெடித்துப் பள்ளம் தோண்டி அதற்குள் கட்டிய சவாரி அது. 1994இல் திறந்து 2022 நவம்பரில் மூடினார்கள். தேய்ந்த தண்டவாளத்தின் பெரும்பகுதியை இறக்கி, அதே வளைவுகளில் புதிதாகச் செய்த தண்டவாளத்தை ஏற்றி, 2024 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். பள்ளமும் பாதையும் மக்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தன. வேறொன்றை அங்கே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை என்றே சொல்லலாம்.

உந்தித் தள்ளும் பொறி தோற்றால் கதை கடினமாகிறது. சீடார் பாயிண்டின் டாப் திரில் டிராக்ஸ்டர் 2003இல் திறந்தபோது உலகிலேயே உயரமானது, 420 அடி. அதில் சங்கிலி ஏற்றம் இல்லை. நைட்ரஜன் வாயுவை எண்ணெயால் அழுத்திவைத்து, ஒரே நொடியில் அந்த அழுத்தத்தை விடுவித்து, ஹைட்ராலிக் மோட்டார்களால் ஒரு பெரிய உருளையைச் சுழற்றுவார்கள். உருளை கம்பிவடத்தைச் சுருட்ட, வடத்தில் மாட்டிய வண்டி ரயிலை இழுத்துக்கொண்டு ஓடும். நான்கு விநாடிக்குள் மணிக்கு 193 கிலோமீட்டர். 420 அடி உயரத்தை எட்டக் கணக்குப்படி 180 கிலோமீட்டர் வேகம் போதும். மேலதிகமாக உள்ள 13 கிலோமீட்டர்தான் காற்றுக்கும் உராய்வுக்கும். எதிர்க்காற்று அதையும் தின்றுவிட்டால் ரயில் உச்சியைத் தொடாமல் பின்வாங்கி இறங்கும். அதற்காகவே கீழே பிரேக்குகள் காத்திருக்கும். இவ்வளவு நெருக்கமான கணக்கில், விநாடிகளில் வெடித்தெழும் விசையில், வடமும் பற்சக்கரமும் படும் பாடு சொல்லி மாளாது. 2021 ஆகஸ்ட் 15 அன்று ரயிலிலிருந்து கழன்ற உலோகத் துண்டு வரிசையில் நின்ற பெண்ணொருவரின் தலையில் பட்டுக் கடுமையான காயம் ஏற்படுத்தியது. சவாரி அதன்பின் அந்த வடிவில் ஓடவில்லை.

கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஹைட்ராலிக் பொறி முழுவதையும் எடுத்தார்கள். இத்தாலியின் சாம்பெர்லா நிறுவனம் காந்த உந்தலை அமைத்தது. தரையில் மின்சுருள்கள், ரயிலின் அடியில் காந்தத் தகடுகள். இரண்டும் தொடுவதே இல்லை. ஒரே வீச்சில் தள்ளுவதற்குப் பதிலாக மூன்று வீச்சு: முன்னோக்கி மணிக்கு 119, பின்னோக்கி 163, மறுபடி முன்னோக்கி 193 கிலோமீட்டர். பின்னோக்கி ஓடும் ரயில் ஏறி நிற்க, புதிதாக இன்னொரு 420 அடிக் கோபுரம் எழுந்தது. டாப் திரில் 2 என்ற பெயரில் 2024 மே மாதத் தொடக்கத்தில் திறந்த அது, ரயில்களில் மாற்றம் தேவைப்பட்டதால் சில நாட்களிலேயே மூடப்பட்டு, அடுத்த ஆண்டு 2025 பருவத்தில்தான் திரும்பியது.

நியூ ஜெர்சியில் இதன் தம்பிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2005இல் திறந்த கிங்டா கா 456 அடி, மணிக்கு 206 கிலோமீட்டர், அதே ஹைட்ராலிக் முறை. 2024 நவம்பர் 10 அதன் கடைசி நாள். 2025 பிப்ரவரி 28 காலையில் வெடி வைத்துக் கோபுரத்தைச் சாய்த்தார்கள். இருபது ஆண்டுகள்கூட ஓடாமல், அதுவரை உலகின் மிக உயரமானதாக நின்ற சவாரி, விநாடிகளில் எஃகுக் குவியலானது. பழையது என்பதற்காக அல்ல, அதை இயங்க வைப்பதே தீராத வேலையாக இருந்ததால்.

அடுத்து என்ன கட்டுவது என்று பூங்கா திட்டமிடும்போது உயரத்தைவிட முக்கியமானது ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கணக்கு. 24 பேர் ஏறும் ரயில் மூன்று நிமிடத்துக்கு இரண்டு வீதம் கிளம்பினால் மணிக்கு 960 பேர். வரிசையில் நிற்பவர் பார்க்கும் இயந்திரம் இதுதான். உடைந்து உடைந்து நிற்கும் உயரமான சவாரியைவிட, ஓடிக்கொண்டே இருக்கும் நடுத்தரச் சவாரிதான் பூங்காவை வாழவைக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் நிலமே பூங்காவை விழுங்குவதும் நடக்கிறது. கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் 1976 முதல் இயங்கும் கிரேட் அமெரிக்கா பூங்காவின் நிலம் 2022இல் ஒரு கிடங்கு நிறுவனத்துக்கு 31 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. பூங்கா இப்போது தன் பழைய இடத்திலேயே வாடகைக்கு இருக்கிறது, அதுவும் 2033ஐத் தாண்டாது.

அகற்றுவது எப்போதும் இடிப்பதாக இருக்க வேண்டியதில்லை. எஃகு ரோலர் கோஸ்டரைத் துண்டு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றலாம். கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் 1975இல் திறந்த கார்க்ஸ்குரூ, பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றிய நவீன எஃகுச் சவாரிகளில் முதலானது. அது 1990இல் ஐடஹோவின் சில்வர்வுட் பூங்காவில் மறுபடி ஓடியது. மரச் சவாரியை இப்படி நகர்த்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஒவ்வொரு பலகையும் அந்தந்த இடத்துக்கென்று அறுக்கப்பட்டது. இடம் மாறினால் பொருந்தாது.

அதையும் ஒருவர் செய்துகாட்டினார். டெக்சஸின் சான் ஆன்டோனியோவில் 1947இல் கட்டிய ராக்கெட் என்ற மர ரோலர் கோஸ்டர், பூங்கா 1980இல் மூடியதும் கேட்பாரற்று நின்றது. பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்கா அதை வாங்கியது. கழற்றி ஏற்றிச்செல்லும் வேலையை ஏற்றவர் சார்லஸ் டின், பின்னாளில் மீன் ஸ்ட்ரீக்கைக் கட்டிய அதே டின். ஒவ்வொரு மரத்துண்டுக்கும் எண் குறித்து, பட்டியலிட்டு, பெயர்த்து, நாட்டின் குறுக்கே கொண்டுபோய், எண் பார்த்து எண் பார்த்து மறுபடி நிறுத்தினார்கள். 1985 ஜூன் மாதம் ஃபீனிக்ஸ் என்ற புதுப் பெயரில் அது ஓடத் தொடங்கியது. மரத் தண்டவாளத்துடனேயே, குளிர்காலம்தோறும் பலகை மாற்றிக்கொண்டு, இன்றும் நோபெல்ஸ் பூங்கா இருக்கும் எலிஸ்பர்க்கின் மரங்களுக்கு நடுவே அது ஓடிக்கொண்டிருக்கிறது.