மேற்கோளின் எண்ணும் ஆராய்ச்சியின் மதிப்பும்: மருந்தியலறிஞர் ஒலிவர் லௌரியின் ஆக்கங்கள்

ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்பதை எண்ணிச் சொல்வது எளிது. அக்கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்பதையும் இக்காலத்தில் எண்ணிவிடலாம். ஆனால், அவ்வாறு பெற்ற எண் அவருடைய ஆராய்ச்சியின் மதிப்பை அளந்து காட்டுமா என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. பல நாடுகளில் பல்கலைக்கழகப் பதவிகளும் ஆராய்ச்சிக்குரிய பொருளுதவியும் இவ்வெண்களை நோக்கி வழங்கப்பட்டு வருகின்றன. எனவே இவ்வினா அறிஞரிடை நிகழும் வெறும் விவாதமாக நில்லாது, இளம் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கையையே தொடுவதாயிற்று. இதனை ஆராய்வதற்கு அமெரிக்க மருந்தியலறிஞர் ஒலிவர் லௌரியின் ஆக்கங்கள் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். உலகிற் பெருந்தொகையான மேற்கோள்களைப் பெற்ற விஞ்ஞானக் கட்டுரை அவருடையது. ஆனால் அதனைப் பெருமைக்குரிய கட்டுரையென அவர் கருதவில்லை.

லௌரி 1910 ஆம் ஆண்டு சிக்காக்கோ நகரிற் பிறந்தார். நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்று 1932 இற் பட்டம் பெற்றார். பின்னர்ச் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியலிற் கலாநிதிப் பட்டத்தையும் மருத்துவப் பட்டத்தையும் 1937 இற் பெற்றார். அதன்பின் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த காலத்தில், கோப்பன்ஹேகன் நகரின் கால்ஸ்பேர்க் ஆய்கூடத்துக்குச் சென்று, மிகச் சிறிய அளவான பொருள்களைப் பகுத்தறியும் நுண்முறைகளை லின்டர்ஸ்ரோம்-லாங் என்ற அறிஞரிடம் பயின்றார். 1942 இல் நியூயோர்க்குப் பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, சிறிதளவு குருதியைக் கொண்டே உடலின் போசாக்கு நிலையை அறியும் முறைகளை வகுப்பதில் ஈடுபட்டார். 1947 இற் செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் மருந்தியற் பகுதிக்குத் தலைவரானார். 1976 வரை அப்பதவியை வகித்த அவர், 1955 முதல் 1958 வரை அக்கல்லூரியின் பீடாதிபதியாகவும் விளங்கினார். 1996 இல் இயற்கை எய்தினார்.

லௌரியின் பெயரை உலகெங்கும் பரப்பிய முறை, ஒரு கரைசலிற் புரதம் எவ்வளவு உள்ளது என அளக்கும் முறையாகும். உயிர்ப்பொருள்களை ஆராய்வோர் எவருக்கும் இவ்வளவீடு இன்றியமையாதது. ஒரு நொதியத்தின் ஆற்றலைக் கூற விரும்புபவர், இத்தனை மில்லிகிராம் புரதத்துக்கு இத்துணை ஆற்றல் எனக் கூறவேண்டும். ஒரு மருந்து கலத்தின் மென்சவ்வில் எவ்வளவு படிகின்றது எனக் காட்ட விரும்புபவரும் அம்மென்சவ்வின் புரதத்தை அளந்தாக வேண்டும். பகுதியெண் எதுவாயினும் விகுதியெண் புரதமே.

இம்முறை இரு படிகளில் நிகழ்வது. முதலிற் காரக் கரைசலிலுள்ள செப்பு அயன்கள் புரதத்தின் பெப்ரைட்டுப் பிணைப்புகளோடு சேர்கின்றன. அடுத்து, மொலித்தனமும் தங்குதனும் அடங்கிய போலின் சோதனைப்பொருள் சேர்க்கப்படுகின்றது. செம்போடு சேர்ந்த புரதம், சிறப்பாக அதிலுள்ள தைரொசின், திரிப்டோபன் என்னும் அமினோவமிலங்கள், இச்சோதனைப்பொருளைத் தாழ்த்த, கரைசல் நீல நிறம் பெறுகின்றது. நீலத்தின் செறிவை ஒளிமானியால் அளந்து, அளவு தெரிந்த புரதக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டாற் புரதத்தின் அளவு கிடைக்கும். போலின் சோதனைப்பொருளும் செம்பின் பயனும் லௌரிக்கு முன்னரே அறியப்பட்டவை. அவ்விரண்டையும் இணைத்து, காரத்தின் அளவு, காலம், சேர்க்கும் ஒழுங்கு ஆகியவற்றையெல்லாம் திட்டமாக வரையறுத்து, எவரும் தவறின்றிச் செய்யத்தக்க முறையாக ஆக்கியதே லௌரி குழுவினரின் பணி. செம்பை மட்டும் பயன்படுத்தும் பழைய முறையிலும் இது ஏறத்தாழ 100 மடங்கு நுட்பமானது.

இம்முறை நியூயோர்க்கில் இருந்த காலத்திலேயே உருப்பெற்றது. ஆயினும் லௌரி அதனை வெளியிட விரையவில்லை. செயின்ற் லூயிஸ் ஆய்கூடங்களில் அம்முறையைக் கையாண்டவருள் ஒருவர், பின்னாளில் 1971 இல் நோபெல் பரிசு பெற்ற ஏர்ள் சதலண்ட். தம் கட்டுரைகளிற் சுட்டுவதற்கு அச்சிட்ட ஆதாரம் ஒன்று வேண்டுமென்பதற்காக, அதனை வெளியிடுமாறு அவர் லௌரியைத் தூண்டினார். அனுப்பிய கட்டுரையை உயிர் இரசாயனவியல் வெளியீடு மிகவும் சுருக்கித் தருமாறு திருப்பி அனுப்பியது. சுருக்கிய வடிவில், ரோஸ்பரோ, பார், றண்டல் என்னும் மூவரின் பெயரும் சேர 1951 இல் அது வெளிவந்தது. பிறர் மேற்கோள் காட்டுவதற்கென்றே வேண்டப்பட்ட கட்டுரை, மேற்கோளில் முதலிடம் பெற்றமை வியப்பன்று.

மேற்கோள்களை முறையாக எண்ணும் வழக்கம் அப்போது விஞ்ஞானத்தில் இல்லை. சட்டத் துறையில் மட்டும் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன எனக் காட்டும் செப்பேட் அட்டவணைகள் அமெரிக்க வழக்கறிஞரின் கையில் 1873 முதல் இருந்துவந்தன. அதனைப் பின்பற்றி விஞ்ஞானத்துக்கும் ஓர் அட்டவணை வேண்டுமென யூஜீன் காபீல்ட் 1955 இல் எழுதினார். அவர் பிலடெல்பியாவில் நிறுவிய நிலையம் 1964 இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியது. ஒரு கருத்து எங்குத் தோன்றி எவ்வழியாகப் பரவியது என்பதைத் தேடுவோருக்குத் துணைசெய்தலே அதன் நோக்கம். மனிதரை மதிப்பிடும் அளவுகோலாக அது மாறியது பிற்கால நிகழ்ச்சியாகும்.

எண்ணத் தொடங்கியபோது லௌரியின் கட்டுரை ஏனையவற்றை மிக விஞ்சி நிற்பது தெரியவந்தது. 2014 இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட கணக்கின்படி அது பெற்ற மேற்கோள்கள் 305,148. இரண்டாவதாக நின்ற லம்லியின் 1970 ஆம் ஆண்டுக் கட்டுரை 213,005 மேற்கோள்களையும், மூன்றாவதாக நின்ற பிராட்போர்ட்டின் 1976 ஆம் ஆண்டுக் கட்டுரை 155,530 மேற்கோள்களையும் பெற்றிருந்தன. இவ்விரண்டும் புரதம் பற்றிய ஆய்கூட முறைகளே. முதல் 100 கட்டுரைகளுள் இடம்பெறுவதற்கு 12,119 மேற்கோள்களாவது வேண்டியிருந்தது. பாரம்பரியப் பொருளான டீ.என்.ஏ.யின் அமைப்பை 1953 இல் அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை பெற்ற மேற்கோள்கள் 5,207 மட்டுமே. ஆகவே, அந்த நூற்றில் அதற்கு இடமில்லை.

இவ்வெண்களை மட்டும் நோக்குபவர், லௌரியின் கட்டுரை வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரையிலும் ஏறக்குறைய 60 மடங்கு பெரியதெனக் கூறவேண்டி வரும். அவ்வாறு கூறுவார் எவருமிலர். அப்படியாயின் எண் எதனைக் காட்டுகின்றது? அது பயன்பாட்டைக் காட்டுகின்றது. ஆய்கூட முறையொன்றைக் கையாண்டவர் அதனைக் குறிப்பிடுதல் கடமை. ஆதலின் அம்முறை கையாளப்படுந்தோறும் எண் ஒன்று கூடுகின்றது. பெருங் கண்டுபிடிப்பின் நிலை வேறு. அது விரைவிற் பாடநூலிற் புகுந்து பொது அறிவாகி விடுகின்றது. அதன்பின் அதனை முதலிற் கூறியவரைச் சுட்டவேண்டுமென எவரும் நினைப்பதில்லை. இவ்வாறு ஒரு கருத்து அறிவோடு கலந்து தன் தோற்றுவாயை இழப்பதைச் சமூகவியலறிஞர் றொபேட் மேட்டன் சுட்டிக்காட்டியுள்ளார்.

லௌரியும் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார். அது பெருங்கட்டுரையன்று எனத் தாம் அறிவதாகவும், எனினும் அது பெற்ற வரவேற்பினால் உள்ளூர மகிழ்வதாகவும் அவர் எழுதினார். அவருடைய உள்ளம் சென்ற துறை வேறு. தனியொரு நரம்புக்கலத்தினுள் நிகழும் இரசாயன மாற்றங்களை அளத்தலே அவர் மேற்கொண்ட பெரும்பணி. மூளையில் அடுத்தடுத்துள்ள கலங்கள்கூட இயல்பால் வேறுபட்டவை. அவற்றையெல்லாம் ஒன்றாக அரைத்துப் பகுத்தால் அவ்வேறுபாடு மறைந்துபோகும். எனவே உறைந்து உலர்ந்த இழையத்திலிருந்து ஒரு கலத்தை வேறாக்கி நிறுக்கும் தராசை அவர் அமைத்தார். ஒரு முனையிற் பொருத்திய மெல்லிய குவாட்சு இழை, தூண்டிற்கோல் போல, மறுமுனையில் வைத்த கலத்தின் நிறையால் எவ்வளவு வளைகின்றது என நுணுக்குக்காட்டியாற் பார்த்து நிறையறிவது அத்தராசு. அவ்வளவு சிறிய பொருளில் உள்ளவற்றை அளப்பதற்கு நொதியச் சுழற்சி என்னும் முறையையும் வகுத்தார். அம்முறையில் அளக்க வேண்டிய துணைநொதியம் இரு நொதியங்களுக்கிடையே மீண்டும் மீண்டும் மாறிச் சுழல, விளைபொருள் பல்லாயிரம் மடங்கு பெருகி அளக்கத்தக்கதாகின்றது.

இம்முறைகளால் விளைந்த பயனுக்கு 1964 இல் ஜனெற் பசனோ முதலியோருடன் வெளியிட்ட கட்டுரை சான்றாகும். குருதியோட்டம் நின்ற எலியின் மூளையைக் குறித்த செக்கன்களிலும் நிமிடங்களிலும் உறையச் செய்து, அதிலிருந்த குளுக்கோசு, கிளைக்கோசன், இலற்றிக்கமிலம், உயர்சத்திப் பொசுபேற்றுகள் ஆகியவற்றின் அளவுகளை அவர்கள் கண்டனர். குருதி நின்றவுடன் மூளை தன் சிறு சேமிப்பை எவ்வளவு விரைவிற் செலவிடுகின்றது என்பதையும், எந்த நொதியம் அவ்விரைவை ஆளுகின்றது என்பதையும் அது விளக்கியது. பாரிசவாதத்தில் மூளைக்கு நேரும் கேட்டைப் பின்வந்தோர் ஆராய்வதற்கு இத்தகைய அளவீடுகள் அடிப்படையாயின. ஆயினும் இக்கட்டுரைகளின் மேற்கோளெண் புரதமுறைக் கட்டுரையின் எண்ணுக்கு அருகிலும் வருவதில்லை.

மேற்கோளெண்ணில் அடங்காத பணி இன்னொன்றும் உண்டு. ஒரு பகுதியின் தலைவர் தக்கோரைத் தேர்ந்து அவர்க்கு வாய்ப்பளிக்கும் பணியே அது. 1949 இல் லௌரியின் பகுதியிற் சேர்ந்த றொபேட் பேர்ச்கொட் 1956 வரை அங்கே குருதிக்குழாய்களின் சுருக்கமும் விரிவும் பற்றி ஆராய்ந்தார். அவர் பிறிதோரிடத்திலிருந்து 1980 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, குருதிக்குழாயின் உட்படை ஒரு தளர்த்தும் பொருளைச் சுரக்கின்றது என்பதாகும். அப்பொருள் நைத்திரிக்கொட்சைட்டெனப் பின்னர் அறியப்பட்டது. 1998 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. லௌரி அப்பரிசைப் பெற்றாரல்லர்.

எண்ணின் குறைகளை நீக்கப் புதிய எண்கள் வகுக்கப்பட்டன. 2005 இற் கலிபோணியாவின் பௌதிகவியலறிஞர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 'எச்-சுட்டெண்' என்பதை முன்வைத்தார். 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகளை உடையவரின் சுட்டெண் 20 ஆகும். இது தனிக் கட்டுரையொன்றின் புகழால் ஏமாறாது. ஆனால் மறுதலையான பிழைக்கு இடந்தரும். ஒருவர் ஒரேயொரு கட்டுரையை எழுதி அது 3 இலட்சம் மேற்கோள் பெற்றிருப்பினும், அவருடைய சுட்டெண் 1 மட்டுமே. மேலும், இவ்வெண் வயதோடு உயருமேயன்றித் தாழாது. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் வழக்கம் வேறுபடுவதால், உயிர் இரசாயனவியலாரின் எண்ணைக் கணிதவியலாரின் எண்ணோடு ஒப்பிடுதலும் பொருந்தாது. நால்வர் எழுதிய கட்டுரையில் எவரது உழைப்பு எவ்வளவென்பதையும் எந்த எண்ணும் கூறாது. ரோஸ்பரோ, பார், றண்டல் என்போர் பெயர்கள் மேற்கோள் தோறும் அச்சிடப்பட்டும், அம்முறை 'லௌரி முறை' என்றே வழங்குகின்றது.

இக்குறைகளை உணர்ந்தோர் 2012 இற் சான் பிரான்சிஸ்கோவிற் கூடி, அடுத்த ஆண்டில் ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். கட்டுரை வெளிவந்த இதழின் சராசரி மேற்கோளெண்ணைக் கொண்டு ஆராய்ச்சியாளரின் தகுதியைத் தீர்மானித்தலாகாது. ஆராய்ச்சியின் பொருளையே படித்து மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே மேற்கோளெண்ணைத் தள்ளிவிட வேண்டுமென்பதில்லை. ஒரு கருவி எத்தனை கைகளுக்குப் பயன்பட்டது என்பதை அது உண்மையாகவே கூறும். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரையாசிரியர்க்குத் துணைநின்ற ஒரு முறையை ஆக்கித் தருதல் சிறு தொண்டன்று. ஆனால், நரம்புக்கலத்தை நிறுத்த தராசின் நுட்பத்தையும், மூளையின் சேமிப்பை அளந்த ஆய்வின் ஆழத்தையும் அவ்வெண் காட்டாது. அவற்றை அறிய விரும்புபவர் லௌரியின் கட்டுரைகளைப் படித்தே ஆகவேண்டும். இளம் ஆராய்ச்சியாளரை மதிப்பிடும் பொறுப்புடையோரும் அவ்வாறே படித்தல் வேண்டும்.