முல்லைத்தீவை எட்டாத வெள்ளிப் பதக்கம்

போர்க்களத்தில் தனிவீரம் காட்டியவருக்கு அளிக்கப்படும் விருது ஒரு வகை. ஒரு படையெடுப்பில் பங்குகொண்டதற்காகவே சாதாரணச் சிப்பாய்க்கும் வழங்கப்படும் படையெடுப்புப் பதக்கம் வேறொரு வகை. பிரித்தானிய அரசு தன் படையின் எல்லாத் தரத்தினருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கத்தை வழங்கியது 1815ஆம் ஆண்டின் வாட்டர்லூப் போரை அடுத்தே என்பதால், 1784இலேயே தக்காணப் பதக்கத்துக்கு ஆணையிட்ட கிழக்கிந்தியக் கம்பனி இவ்விடயத்தில் அரசை முந்திக்கொண்டது எனலாம்.

ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றிய 1795-96 படையெடுப்புக்கான கம்பனிப் பதக்கம், கல்கத்தா நாணயச்சாலையில் 1807இல்தான் ஆக்கப்பட்டது. வட்டமாக வெட்டிய வெள்ளி வில்லையை, எழுத்துகள் இடவலம் மாறிச் செதுக்கப்பட்ட இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தும் நாணய முறையே இதற்கும் கையாளப்பட்டது. ஏறத்தாழ 2 அங்குல விட்டமுள்ள இப்பதக்கத்தின் ஒரு முகத்தில் ஆங்கிலமும், மறுமுகத்தில் அக்காலத்து ஆட்சிமொழியான பாரசீகமும் பொறிக்கப்பட்டன. உருவம் எதுவும் இடம்பெறாத, முழுதும் எழுத்தாலான இப்பதக்கத்தை அணிந்தவர்களுள் அவ்விரு மொழிகளில் ஒன்றையேனும் வாசிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பது கேட்கத்தக்க கேள்வியே.

ஆக்கப்பட்டவை பொன்னில் 2, வெள்ளியில் 121 மட்டுமே. அவை வங்காளப் பீரங்கிப் படையின் இந்திய வீரர்களுக்கு உரியவையாயின. ஆனால் கேணல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் தலைமையில் 1795 ஆகஸ்டில் திருகோணமலையையும், செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணத்தையும், ஒக்டோபர் 1இல் முல்லைத்தீவையும், அடுத்த பெப்ரவரியில் கொழும்பையும் கைக்கொண்ட படையின் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்ததாகும். கம்பனியின் படை வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணங்களுக்கு உரிய தனித்தனிப் படைகளாக இயங்கியதால், வங்காள அரசு தன் படையினருக்கு வழங்கிய சிறப்பு சென்னைச் சிப்பாய்களைச் சென்றடையவில்லை. களத்தில் நின்றவர் யார் என்பதைவிட எந்த மாகாணத்தின் படையேட்டில் அவர் பெயர் இருந்தது என்பதே பதக்கத்தைத் தீர்மானித்தது.

அம்முல்லைத்தீவுக் கோட்டையையே 1803 ஆகஸ்டில் வன்னி அரசன் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. பழைய போர்களில் பங்குகொண்டு உயிரோடிருந்தவர்களுக்காக 1851இல் வழங்கப்பட்ட இந்தியப் படைப் பதக்கத்தில், நாடாவின்மேல் போர்க்களத்தின் பெயரைத் தாங்கும் வெள்ளிப் பட்டிகள் 21 வகையாக இருந்தும், இலங்கைக் களம் எதற்கும் ஒரு பட்டி இல்லை. கற்சிலைமடுச் சண்டையைக் குறிக்க ஆங்கிலேயர் நாட்டியது ஒரு கல் மட்டுமே.