வண்டி ஸ்டார்ட் ஆகிறது, உடனே நின்றுவிடுகிறது: ஏன்?

சபரில் இருக்கும் சகோதரர் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். மாதக்கணக்கில் நின்ற பைக்கைத் துடைத்து, சாவியைப் போட்டு உதைக்கிறார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடுகிறது. கடையநல்லூரில் பல வீடுகளில் நடப்பதுதான் இது. கிடைத்த சில நாள் லீவில் பாதி பட்டறை வாசலிலேயே போய்விடும். விஷயம் தெரியாவிட்டால் தேவையில்லாத சாமான்களை மாற்றிப் பணமும் போய்விடும்.

முதலில் ஒரு ஆறுதல். இன்ஜின் ஓட பெட்ரோல், காற்று, பிளக்கில் தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றால் மூன்றும் ஓரளவு இருக்கின்றன. இன்ஜின் முழுதாகப் பழுதாகிவிடவில்லை. மூன்றில் ஒன்று தொடர்ந்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் அது பெட்ரோல். வண்டி எப்போது நிற்கிறது என்று கவனித்தால் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

எப்போது நிற்கிறது?

ஓரிரு நிமிடம் ஓடி நின்றால்: கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தாலும் கார்புரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் வண்டி கொஞ்சம் ஓடும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படித்தான்.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஓடி, விட்டதும் நின்றால்: கார்புரேட்டரில் உள்ள சிறிய ஜெட் அடைத்திருக்கும். நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போலப் படிந்து அந்த ஓட்டையை மூடிவிடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

சிறிது தூரம் ஓடி நின்றால்: டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கியர் போட்டதும் நின்றால்: சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் எடுக்காவிட்டால் இன்ஜின் தானாக நிற்கும். அது கோளாறல்ல, பாதுகாப்பு.

மழைக்குப் பிறகு நின்றால்: டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீர் கனமானது, அடியில் தங்கி முதலில் இன்ஜினுக்குப் போகும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். குற்றாலச் சீசன் சாரலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகள் கவனம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே வழி.

புதிய வண்டிகளுக்கு

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, பம்பும் இன்ஜெக்டரும்தான். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி 'கிர்ர்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அது அடங்கிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸையும் பம்பையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதும் மஞ்சள் விளக்கு அணையாவிட்டால், நாமாகக் கழற்றாமல் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

உயிரைக் காக்கும் எச்சரிக்கை

மூடிய ஷெட்டிலோ வீட்டு நடையிலோ இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை; மயக்கம் வருவதுகூடத் தெரியாமல் உயிர் போய்விடும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். பெட்ரோல் வடிக்கும் இடத்தில் அடுப்பு, சிகரெட், குழந்தைகள் கூடாது.

அடிக்கடி நிற்கும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரை–தென்காசி மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நம் வண்டி நிற்கப்போவது தெரியாது.

ஊருக்குக் கிளம்பும் முன்

கார்புரேட்டர் வண்டி என்றால், திறந்த வெளியில் வைத்து, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் பிசின் படியாது. எந்த வண்டியானாலும் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். வீட்டில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வாரம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டிவந்தால் இவை எதுவுமே தேவைப்படாது. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பேட்டரிக்கு நஷ்டமே தவிர லாபமில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லையா? பட்டறையில் "வண்டி ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆக்ஸிலேட்டரை விட்டதும் நிற்குது", "ரெண்டு நிமிஷம் ஓடி நிற்குது" என்று சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம், நமக்குப் பணம் மிச்சம்.