மணிக்கு 55 மைல்! பெட்ரோலை மிச்சம் பிடிக்க அமெரிக்கா போட்ட சட்டம் பலித்ததா?

காரை வேகமாக ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், அபராதம் போடும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் "பெட்ரோலை வீணாக்கினாய்" என்று சொல்லி அபராதம் போட்ட இடம் ஒன்று உண்டு!

அமெரிக்காவில் உள்ள மாண்டானா மாநிலம்தான் அது. பகலில் அளவுக்கு மீறி வேகமாகப் போனால், ரோட்டிலேயே காரை நிறுத்தி 5 டாலர் வாங்குவார்கள். ரசீதும் கொடுப்பார்கள். குற்றம் என்ன? வேகம் அல்ல. தட்டுப்பாடான பொருளை அநாவசியமாக வீணடித்த குற்றம்!

5 டாலரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பறந்தவர்கள் உண்டு.

மாண்டானா போலீசாருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது ஒரு சட்டம். நாடு முழுவதும் எந்த ரோட்டிலும் மணிக்கு 55 மைலுக்கு (சுமார் 88 கிலோ மீட்டர்) மேல் போகக் கூடாது என்பதே அந்தச் சட்டம். 1974-ம் ஆண்டு வந்த அது, 1995-ம் ஆண்டு வரை 21 வருடம் பல உருவில் நீடித்தது.

பெட்ரோலைச் சேமிக்க ரோட்டில் வேகத்தைக் குறைப்பது பிரயோஜனமா? இந்தக் கேள்விக்கு இவ்வளவு பெரிய பரீட்சை வேறு எங்கும் நடந்தது இல்லை.

பங்க்குகளில் வரிசை

1973-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை மூண்டது. இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது. "உனக்கு எண்ணெய் கிடையாது, போ" என்று அரபு நாடுகள் கையை விரித்தன.

ஒரு பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு விற்ற எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது.

வீட்டுக்கு வீடு கார் உள்ள நாடு அது. பெட்ரோல் பங்க்குகளில் விடிவதற்கு முன்பே கார்கள் வரிசை கட்டின. "பெட்ரோல் இல்லை" என்ற அட்டை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் விற்க வேண்டாம் என்று ஜனாதிபதி நிக்சன் கேட்டுக்கொண்டார். சில மாநிலங்களில் நம்பர் பிளேட்டைப் பார்த்து, ஒற்றைப்படைக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறு நாள் என்று பெட்ரோல் ஊற்றினார்கள்.

அந்த நெருக்கடியில்தான் 1974 ஜனவரி 2-ந் தேதி நிக்சன் 55 மைல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை வேக வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது. பல இடங்களில் 70, 75 மைல். மாண்டானாவில் பகலில் வரம்பே கிடையாது!

"55-க்கு இறங்காத மாநிலத்துக்கு ரோடு போடப் பணம் கிடையாது" என்று மத்திய அரசு பிடியை இறுக்கியது. எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன.

லாரிக்காரர்கள் கொதிப்பு

சட்டத்தால் முதல் அடி விழுந்தது சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கு வருமானம் ஓடும் மைலுக்குத் தக்கபடிதான். ஒரு டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அப்போது அங்கே விதி இருந்தது. 70 மைல் வேகத்தில் 10 மணி நேரம் ஓடினால் 700 மைல். 55-ல் ஓடினால் 550 மைல்தான். ஒரே நாளில் 150 மைல் கூலி போச்சு! டீசல் விலையோ ஒரு பக்கம் ஏறுகிறது. லாரி வாங்கிய கடனுக்குத் தவணை கட்டியாக வேண்டும்.

பேச்சு அடிபட ஆரம்பித்த 1973 டிசம்பரிலேயே அவர்கள் லாரிகளை நெடுஞ்சாலையில் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தார்கள். 1974 பிப்ரவரியில் பெரிய வேலை நிறுத்தம் வெடித்தது. ஓடிய லாரிகள் மீது கல் விழுந்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. உயிர்ப் பலியும் ஏற்பட்டது. பல மாநிலங்களில் பட்டாளத்தை இறக்க வேண்டியதாயிற்று. டீசல் செலவை ஈடு கட்ட வாடகையில் 6 சதவீதம் கூட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்த பிறகே லாரிகள் ஓடின.

வேகமோ 55-தான்! 5 சென்ட் நாணயத்துக்கு அங்கே "நிக்கல்" என்று பேர். இரண்டு 5 சேர்ந்ததால் இந்தச் சட்டத்துக்கு "இரட்டை நிக்கல்" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். லாரிகளில் சின்ன ரேடியோ வைத்துக்கொண்டு, "போலீஸ் எங்கே நிற்கிறது" என்று ஒருவருக்கு ஒருவர் தகவல் சொல்லித் தப்பினார்கள்.

காற்றோடு மல்லுக்கட்டு

வேகத்தைக் குறைத்தால் பெட்ரோல் மிச்சமா? அதில் சந்தேகமே இல்லை.

சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு இது புரியும். கார் வேகமாகப் போகப் போக, எதிரே உள்ள காற்றைத் தள்ளவே என்ஜினின் பலம் செலவாகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு இரட்டிப்பு அல்ல, நாலு மடங்கு! 55 மைலில் போகும் காரை விட 70 மைலில் போகும் கார், ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான காற்று எதிர்ப்பைச் சமாளிக்க வேண்டும். 70-ல் இருந்து 55-க்கு இறங்கினால், ஒரு காருக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேலேயே பெட்ரோல் மிச்சமாகும்.

அப்படியானால் நாட்டுக்கே நூற்றுக்குப் பத்து மிச்சமாகி இருக்க வேண்டுமே? ஆகவில்லை!

சட்டம் வந்து 10 வருடம் கழித்து, 1984-ல் நிபுணர்கள் கூடிக் கணக்குப் பார்த்தார்கள். மிச்சமானது நாள் ஒன்றுக்கு 1 லட்சத்து 67 ஆயிரம் பீப்பாய். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் எரியும் மொத்த எண்ணெயில் அது வெறும் 2 சதவீதம்!

காரணம் லேசானது. கார்கள் எப்போதும் நெடுஞ்சாலையில் பறந்துகொண்டே இருப்பது இல்லை. ஊருக்குள் கடைக்கும் ஆபீசுக்கும் போகும் கார், முன்பும் 30, 40-ல்தான் போனது. அதற்குச் சட்டத்தால் ஒரு சொட்டும் மிச்சம் இல்லை. நெடுஞ்சாலையில் போனவர்களோ, தட்டுப்பாடு தீர்ந்ததும் பழையபடி முடுக்கினார்கள். ஊருக்கு வெளியே உள்ள பெரிய ரோடுகளில் 55-ஐ மீறியவர்களே அதிகம்.

ஒரு மணி நேரத்துக்கு 10 லிட்டர்

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 100 மைல் போக 70 வேகத்தில் 86 நிமிடம் ஆகும். 55-ல் 109 நிமிடம். 23 நிமிடம் கூடுதல். நாடு முழுவதும் கூட்டினால் வருடத்துக்கு 100 கோடி மணி நேரம் ஜனங்கள் ரோட்டில் அதிகமாகக் கழித்தார்கள் என்று அதே நிபுணர்கள் சொன்னார்கள்.

மிச்சமான எண்ணெயை அந்த 100 கோடி மணி நேரத்துக்குப் பங்கு போட்டால், ஒரு மணி நேரத்துக்கு 10 லிட்டர் சுமார் வருகிறது. 10 லிட்டருக்காக ஒரு மணி நேரத்தை விடலாமா? வேலைக்கு அவசரம் இல்லாதவருக்கு லாபம். மைலுக்குக் கூலி வாங்கும் லாரி டிரைவருக்கு நஷ்டம்.

அதே நேரத்தில் வேறு ஒரு சட்டம் சத்தம் இல்லாமல் வேலை செய்தது. 1985-க்குள் புதுக் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27½ மைல் ஓட வேண்டும் என்று 1975-ல் கார் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டார்கள். புதுக் கார்களின் மைலேஜ் 10 வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஓட்டுகிறவர் காலைப் பிடித்து இழுப்பதைவிட, கார் செய்கிறவர் கையைப் பிடித்ததில்தான் எண்ணெய் மிச்சம்!

ஆனால் அதற்கு 10 வருடம் ஆயிற்று. வேகத்தைக் குறைக்க, போர்டில் நம்பரை மாற்றினால் போதும். மறு நாளே பலன்.

யாரும் எதிர்பாராதது

எண்ணெய்க் கணக்கு இப்படி இருக்க, இன்னொரு கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

1973-ம் ஆண்டு அமெரிக்க ரோடுகளில் விபத்தில் செத்தவர்கள் 54 ஆயிரத்து 52 பேர். 55 மைல் சட்டம் வந்த 1974-ல் 45 ஆயிரத்து 196 பேர். ஒரே வருடத்தில் 8 ஆயிரத்து 856 சாவுகள் குறைந்தன!

எல்லாமே சட்டத்தின் பலன் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் கிடைக்காமல் பலர் காரையே எடுக்கவில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும், வருடத்துக்கு 2 ஆயிரம் முதல் 4 ஆயிரம் பேர் வரை இந்தச் சட்டத்தால் உயிர் பிழைத்தார்கள் என்று 1984-ல் நிபுணர்கள் கூறினார்கள்.

பெட்ரோலுக்காகப் போட்ட சட்டம், உயிரைக் காத்தது!

எண்ணெய் விலை இறங்கியதும் சட்டத்துக்கும் மவுசு குறைந்தது. 1987-ல் ஊருக்கு வெளியே உள்ள பெரிய ரோடுகளில் 65 மைல் போகலாம் என்று தளர்த்தினார்கள். 1995 நவம்பரில் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்தில் சட்டம் அடியோடு போனது. டெக்சாஸ் மாநிலத்தில் 2012-ல் திறந்த ஒரு ரோட்டில் 85 மைல் போகலாம்!

அதற்கும் ஒரு விலை உண்டு. வேக வரம்பை உயர்த்தியதால் 1995 முதல் 2005 வரை 12 ஆயிரத்து 545 பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது.

மறுபடியும் அதே பேச்சு

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இந்த யோசனை தலை தூக்குகிறது. 2011-ல் லிபியாவில் கலவரம் மூண்டு எண்ணெய் விலை ஏறியபோது, ஸ்பெயின் நாடு 120 கிலோ மீட்டரை 110 ஆகக் குறைத்தது. 120 போட்ட போர்டுகள் மேல் 110 என்று ஸ்டிக்கரை ஒட்டினார்கள். நாலு மாதத்தில் அதைக் கிழித்தும் விட்டார்கள்!

2022-ல் உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தபோது, சர்வதேச எரிசக்தி முகமை பத்து யோசனை சொன்னது. முதல் யோசனையே, நெடுஞ்சாலைகளில் வேகத்தை 10 கிலோ மீட்டராவது குறையுங்கள் என்பதுதான்.

அவசரத்துக்கு இது நல்ல கை மருந்து. நாள்பட்ட வியாதிக்கு இது மட்டும் போதாது. அமெரிக்கா 21 வருடம் சோதித்துப் பார்த்துக் கண்டது இதுதான்.

நூற்றுக்கு 2 பங்கு பெட்ரோலுக்காக மட்டும் என்றால், லாரிக்காரர்கள் கேட்ட கேள்வி நியாயமே. ஆனால் சாயங்காலம் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களிடம் பத்திரமாகத் திரும்பி வந்த அந்த ஆயிரக்கணக்கான பேர்களையும் கணக்கில் சேர்த்தால், 23 நிமிடம் பெரிது அல்ல!