ஏணி வாங்கப் போறீங்களா பாஸ்?

தண்ணி டேங்க் கழுவ, மாடியில விழுந்த பந்தை எடுக்க... வீட்டுல ஏணி ஏறப்போறது நீங்கதான். அப்போ இழுத்து நீட்டுற ஏணியை செலக்ட் பண்றதும் நீங்களாவே இருக்கட்டும்!

முதல்ல நீளம். 10 அடி ஏணி ரெண்டு சேர்ந்தா 20 அடின்னு நினைக்காதீங்க. நீட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று 3 அடியாவது படிந்திருக்கணும். மிச்சம் 17 அடிதான். 12 அடி உயர மாடிக்கு இது போதும். ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கணும். 4 அடி உயரத்துக்கு 1 அடின்னு கணக்கு. தலைப்பகுதி மாடி விளிம்புக்கு மேல 3 அடி நீண்டிருக்கணும். இறங்கும்போது பிடிச்சுக்க அதுதான் துணை!

ஏணியில போட்டிருக்கிற கிலோ உங்க வெயிட்டுக்கு மட்டுமில்ல. கையிலிருக்கிற வாளிக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுப் பக்கத்துல கரன்ட் கம்பி போகுதா? அலுமினியம் லேசுதான். ஆனா, கம்பியில பட்டா உயிருக்கே ஆபத்து. நனைஞ்ச மூங்கிலையும் நம்பாதீங்க. ஃபைபர் கிளாஸ் ஏணி கனம், விலையும் கூடுதல். இருந்தாலும் அதையே கேளுங்க. அழுக்கும் ஈரமும் இல்லாம வைச்சிருங்க. எந்த ஏணியா இருந்தாலும் கம்பிக்கு எட்டியே நிறுத்துங்க.

கடையிலேயே நீட்டிப் பாருங்க. ரெண்டு பக்கக் கொக்கியும் சரியா மாட்டுதா? காலில் ரப்பர் இருக்கா? ஓகேன்னா... பில் போடச் சொல்லுங்க!