துருவம் தாழ்ந்த ஊருக்கு ஒரு ஸ்டார் டிராக்கர்

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால்தான் வானம் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே சாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வு கேமராவுக்குத் தெரிந்துவிடும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டு ஷட்டரை 20 விநாடிக்கு மேல் திறந்துவைத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடத் தொடங்கும். 200 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை விநாடிதான் கெடு. பால்வீதியின் மங்கிய ஒளியைச் சேர்க்க அது எங்கே போதும்?

இந்தக் கெடுவை நீட்டித் தருவதுதான் ஸ்டார் டிராக்கர். டிரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் சிறு மோட்டார் பெட்டி அது. அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால், பூமி சுற்றும் வேகத்திலேயே எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பிக்கொண்டிருக்கும். இரண்டு பலகை, ஒரு கீல், கையால் திருக ஒரு திருகாணி ஆகியவற்றைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று ஜார்ஜ் ஹெய்க் காட்டினார். அவருடைய வடிவமைப்பை 1975இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழ் வெளியிட்டது. இன்றைய கருவிகளும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதை. டிராக்கர் வகைகளில் ஸ்டார் அட்வென்சரர் மினி 3 கிலோ, ஸ்டார் அட்வென்சரர் 2ஐ, ஸ்கைகைடர் புரோ இரண்டும் 5 கிலோ. என்னைக் கேட்டால் அதில் பாதியைத்தான் நம்பி ஏற்றுவேன். ஆனால் நம் ஊர்களில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அச்சை எப்படித் துருவத்துக்கு நேராக நிறுத்தப் போகிறோம்?

அதற்கு அடையாளமான துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை அந்த ஊரின் அட்சரேகை சொல்லிவிடும். லண்டனில் 51 பாகை. சென்னையில் 13, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10க்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரில் அது இருந்தும் இல்லாததுபோல்தான். அவ்வளவு தாழ்வில் ஒரு தென்னந்தோப்போ லேசான புழுதியோ போதும், நட்சத்திரம் மறைந்துவிடும். ஆகவே வாங்கும்முன் கருவியின் சாய்வுத்தளம் 8 பாகைவரை தாராளமாக இறங்குகிறதா என்று பாருங்கள். அந்தச் சாய்வில் எதிர்எடைத் தண்டு டிரைபாட் காலில் இடிக்கிறதா என்பதையும் பகலிலேயே சுற்றிப் பார்த்துவிட வேண்டும். வடக்கு திறந்திருக்கும் இடமாகத் தேடிப் போவது இன்னும் நல்லது.

துருவ நட்சத்திரம் தெரியாத இரவில் திசைகாட்டியும் சாய்வுமானியும்தான் துணை. இவற்றால் ஒரு பாகைப் பிழை எளிதில் வந்துவிடும். 24 மி.மீ. லென்ஸில் இரண்டு நிமிடம் எடுத்தால் அந்தப் பிழை ஏறத்தாழ ஒரு பிக்சல் அளவே. யாரும் கண்டுபிடிக்க முடியாது. 200 மி.மீ. லென்ஸில் அதே பிழை ஏழெட்டு பிக்சலாகிப் படத்தைக் கெடுத்துவிடும். பல்சக்கரங்களின் நுண்ணிய ஒழுங்கின்மையும் நீள லென்ஸில்தான் வெளியே வரும். எனவே அகல லென்ஸோடு மலைப்பக்கம் போகிறவருக்குச் சிறிய கருவியே தாராளம். நெபுலாக்களையும் விண்மீன் திரள்களையும் நெருங்கிப் பிடிக்க ஆசைப்படுகிறவர், துருவ நோக்கியும், நகர்வுப் பிழையைத் தானே திருத்தும் ஆட்டோகைடருக்கான இணைப்பும் உள்ள 5 கிலோ வகைக்கே போகட்டும். டிரைபாட் நடுங்கினால் எந்த டிராக்கரும் உதவாது; பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

கேமரா வானத்தோடு நகர்வதால் மலையும் மரமும் மங்கித் தெரியும். டிராக்கரை நிறுத்தி நிலக்காட்சியைத் தனியே எடுத்து, பிறகு இரண்டையும் இணைப்பதே வழக்கம். நகர வெளிச்சத்துக்கு டிராக்கரில் மருந்தில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நீளும்போது அந்த வெளிச்சமும் சேர்ந்தே பதிவாகும்.

துருவம் தாழ்ந்திருப்பதால் படும் சிரமத்துக்குத் தெற்கு வானம் ஈடுசெய்கிறது. தனுசு ராசிப் பக்கம் இருக்கும் பால்வீதி மையம் மதுரையில் 50 பாகை உயரம் ஏறும். லண்டனில் 10 பாகையைத் தொடாது. லண்டன்காரர் தம் ஊரிலிருந்து ஒருபோதும் பார்க்க முடியாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, மதுரையில் மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் தென்திசையில் 33 பாகை உயரத்தில் நிற்கும். வானில் அது ஏறக்குறைய முழுநிலா அளவு பெரியது, 135 மி.மீ. லென்ஸிலேயே அழகாக விழும். அமாவாசையை ஒட்டிய இரவாகப் பார்த்து, ஒரு நிமிடப் படங்களாக முப்பது எடுத்து மென்பொருளில் அடுக்கிப் பாருங்கள்.